டாக்டர் குரூலே போனை எடுப்பதில்லை

"மாத்திரை எழுதித் தருவீங்களா, இல்ல பேசிப் பேசியே ஆளைக் கொன்னுடுவீங்களா?"

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி இது. தலையிலிருந்த தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பெயர் லியாண்ட்ரோ மொன்டான்யோ, மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறேன் என்றார். மதியச் சாப்பாட்டு நேரம். வெளியே ஈ, காக்கை இல்லை. அந்த நேரமாகப் பார்த்துத்தான் வந்திருந்தார்.

பாதி கடித்த பச்சை மிளகாய் புரிட்டோ ரொட்டிச் சுருளை மேசை இழுப்பறைக்குள் தள்ளினாள் மரிசெலா. அவள் மனநல ஆலோசகர். அதற்கு மேல் மருந்துப் படிப்பும் படித்து, பரீட்சை எழுதி, மனநோய்க்கு மருந்து எழுதும் உரிமையையும் அரசிடம் வாங்கிக்கொண்டு, நியூ மெக்சிகோவின் இந்தக் கோடிக்கு வந்து சேர்ந்திருந்தாள். உரிமை கையில் இருந்ததே தவிர, இன்னும் யாருக்கும் ஒரு மாத்திரைகூட எழுதியபாடில்லை.

"ரெண்டும் செய்வேன். முதல்ல பேச்சு," என்றாள். "எப்போதிலிருந்து தூக்கமில்ல?"

"என் வீட்டுக்காரி போனதிலிருந்து. போன பனிக்காலத்துல." அவர் ஜன்னலைப் பார்த்தார். "படுத்தா கூரையைப் பார்த்துக்கிட்டே கிடக்கேன். சோறு இறங்கல. கை வேற நடுங்குது. என் தொழிலுக்குக் கை நடுங்கக் கூடாது, டாக்டரம்மா."

கன்றுக்குச் சூடு போடும்போது கை நடுங்கினால் கஷ்டம்தான் என்று மரிசெலா நினைத்துக்கொண்டாள்.

"செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

"சேச்சே, இல்ல. ஆனா நேத்து வண்டி ஓட்டறப்பவே கண் அசந்துட்டேன். வேலியில ஏறி நின்ன பிறகுதான் முழிப்பே வந்துச்சு."

மரிசெலாவுக்குப் பகீரென்றது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை எடுத்து அவர் கையில் சுற்றினாள்.

"இன்னும் கொஞ்சம் மேல கட்டுங்க. முழங்கையில உரசுது பாருங்க."

"அட, எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே!"

"எங்க டாக்டர் அப்படித்தான் கட்டுவார்."

"யாரு உங்க டாக்டர்?"

அதுவரை பட்பட்டென்று பதில் சொன்னவர் மீசையைத் தடவினார். "வேற யாரு? குரூலேதான். இந்தச் சுற்றுவட்டாரத்துக்கே அவர் ஒருத்தர்தானே?"

அந்தப் பெயரைக் கேட்டதும் மரிசெலாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"அந்த மகராசனா! நான் மருந்து எழுதணும்னா, உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுத்தான் எழுதணும். சட்டம் அது. அந்த விதியைச் சேர்த்தே ஆகணும்னு ஊர் ஊராப் போய்க் கத்தினவர் அவரு. ஆலோசகர் கையில மருந்துச் சீட்டைக் கொடுக்கிறது, லாடம் அடிக்கிறவன் கையில பல்லைப் பிடுங்கக் கொடுக்கிற மாதிரியாம்!"

"அப்படியா சொன்னார்?" அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "நல்லாத்தான் சொல்லியிருக்கார்."

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கா? அவர் கிளினிக்குக்குப் போன் போட்டுப் போட்டு என் விரலே தேஞ்சு போச்சு. சொல்றேன், சொல்றேன்னு நர்ஸ் சொல்லுது. மனுஷன் ஒரு தடவை திரும்பக் கூப்பிட்டதில்ல. அவர் குரல் எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. இங்க வர்றவங்க எல்லாம் ஒரு மாத்திரைக்காக ஆல்புகெர்க்கி வரைக்கும் வண்டியை ஓட்டிக்கிட்டுப் போய் அல்லாடறாங்க."

"முசுடுதான். ஆனா கைராசிக்காரர்."

"கிழிச்சார்!"

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி, அவரை விட்டுத் தள்ளுங்க. நீங்க பாட்டுக்கு எழுதுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன். அவருக்கு எப்படித் தெரியப் போகுது?"

மரிசெலா பேனாவை எடுத்தாள். இவருக்கு என்ன மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரியும். எழுதிக் கொடுத்து குரூலேயின் காதுக்குப் போனால், உரிமை போய்விடும். எப்போது சறுக்குவாள் என்று அந்த ஆள் காத்துக்கொண்டிருப்பார். எழுதாமல் அனுப்பினால், குழி விழுந்த இந்தக் கண்களோடு இவர் அதே சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பிப் போவார். பேனாவை வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"போன் வேண்டாம்மா. சனிக்கிழமை கிளினிக் பூட்டியிருக்கும்," என்றார் அவர், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.

"யாரு கிளினிக்குக்குப் போடறா?" மரிசெலா குறும்பாகக் கண்ணைச் சிமிட்டினாள். "அங்க நர்ஸ் கோரினா இருக்கால்ல? என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துப் போச்சு. நேத்து அவரோட சொந்த நம்பரையே கொடுத்துட்டா."

"கோரினாவா?" அவர் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். "அந்தக் கழுதை… அம்மா, கொஞ்சம் இருங்க, நான் இன்னொரு நாள்…"

"உட்காருங்க பெரியவரே. அந்த முசுடை நான் பார்த்துக்கறேன்."

எண்களை அழுத்தினாள். பாதி எழுந்தவர் அப்படியே நின்றார்.

மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. அதே நேரம் அவருடைய சட்டைப் பைக்குள்ளும் அடித்தது.

அவர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"குரூலே பேசறேன்… எழுதிக் கொடுங்கம்மா, அந்த ஆளு பாவம், தூங்கட்டும்."