போகாத மெயில்

மோடம் மறுபடியும் கிறீச்சிட்டு அடங்கியது. வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மெயில் வசதியைப் பொருத்த, காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் கணக்காளர். பதவி உயர்வு விண்ணப்பம் இன்றைக்குள் மேனேஜருக்குப் போயாக வேண்டும்.

செட்டிங்கை மாற்றுவார். சரியாகிவிட்டதா என்று பார்க்க, மேனேஜர் முகவரிக்கே ஒரு வரி தட்டுவார். உடனே இன்டர்நெட் லைன் அறுந்துவிடும்.

எட்டிப் பார்த்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இதையா அவருக்கு அனுப்புறீங்க?"

"எதுவும்தான் போய்த் தொலைய மாட்டேங்குதே. எதைத் தட்டினா என்ன?"

சாயங்காலம் ஒருவழியாக லைன் அறுந்து போகாமல் நிலைத்தது. விண்ணப்பம் போய்விட்டது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

திரை மட்டும் ஓயவில்லை. போகாத மெயில்களையெல்லாம் கம்ப்யூட்டர் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தது. இப்போது ஒவ்வொன்றாக மேனேஜருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

'சோதனை: சொட்டைத் தலையா.'

'சோதனை: எருமை மாடு.'

'சோதனை: உன் மூஞ்சிக்கெல்லாம் மேனேஜர் பதவியா.'

பகலெல்லாம் அறுந்து அறுந்து உயிரை வாங்கிய லைன், இப்போது அசையவே இல்லை. அவர் பாய்ந்து வயரைப் பிடுங்கியபோது கடைசி மெயிலும் போயிருந்தது.

"அதான் எல்லாம் போயிடுச்சுல்ல?" என்றாள் மறுபடியும் எட்டிப் பார்த்த மனைவி. "இன்னும் எதுக்கு அந்த வயரோட மல்லுக்கு நிக்கிறீங்க?"