நாலாவது நாளும் வெறும் வயிறு

"இன்னிக்கும் ஃபீடை நிறுத்திட்டீங்களாம்மா? இதோட நாலு நாள்."

ஆறாம் படுக்கையருகே நின்றுகொண்டு அவள் கேட்டாள். படுக்கையில் அவள் கணவர். வாயில் மூச்சுக்கான குழாய், மூக்கில் ஃபீட் என்கிற திரவ உணவு போகிற குழாய். சோற்றுத் தட்டைப் பார்த்தால் பெண்டாட்டியையே மறந்துபோகிற மனுஷன், கன்னம் ஒட்டிக் கிடந்தார்.

நர்ஸ் சின்னப் பெண். "என்னம்மா பண்றது? தொண்டையில ஓட்டை போடற ஆபரேஷன். எந்த நேரம் கூப்பிடுவாங்கன்னு தெரியாது. ஆறு மணி நேரம் வயிறு காலியா இருக்கணும்."

மூன்று நாளாக இதே கூத்துதான். விடியற்காலை ஐந்து மணிக்கு மூக்குக் குழாயை மூடிவிடுவார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குள் ஒரு விபத்துக் கேஸ் நுழையும், அப்புறம் யாரோ வேண்டப்பட்டவர் நுழைவார். பொழுது சாய்ந்ததும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தகவல் வரும். ஃபீடுக்கு மறுபடி எழுதி வாங்கி, அது வந்து, இரண்டு கரண்டி உள்ளே போவதற்குள் அடுத்த ஐந்து மணி வந்துவிடும். இதில் எங்கே தேறுவது?

மத்தியானம் வந்த டாக்டரை வழிமறித்துக் கேட்டாள். வாய்க்குழாய் மூச்சுப்பாதையை அடைத்துத்தானே இருக்கிறது, வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போக வழியில்லை, இவரை இத்தனை நேரம் பட்டினி போடத் தேவையே இல்லை என்று அவரும் ஒப்புக்கொண்டார். டாக்டர்கள் கூட்டத்தில் இரண்டு முறை சொல்லியும் பார்த்தாராம். வார்டு சட்டத்தை மாற்றப் பெரியவர்கள் கையெழுத்துப் போடவேண்டுமாம். சொல்லிக்கொண்டே ஏழாம் படுக்கைக்குப் போய்விட்டார்.

அவள் நர்ஸிடமே திரும்பி வந்தாள். கெஞ்சிப் பழக்கமில்லாத குரல் தடுமாறியது.

"அந்தச் சட்டத்தை இன்னுமா கட்டிக்கிட்டு அழறீங்க? காலம் மாறலையா? கண்ணு முன்னால காஞ்சு போறாரும்மா. ஒரு டம்ளர் அளவாவது குடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அந்தப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்களுக்கு மட்டும் ஆசையாம்மா? முன்னாடி இங்க ஒரு தலைமை நர்ஸ் இருந்தாங்களாம். பூட்டம்மான்னு பேரு. வயித்துக்குப் பூட்டு போட்டாச்சான்னு கேட்டுக்கிட்டேதான் வார்டுக்குள்ள வருவாங்களாம். ஒரு தடவை ஒரு பொம்பள, புருஷனுக்குக் கொஞ்சம் குடுக்கச் சொல்லி அவங்க கால்லயே விழுந்துச்சாம். 'அழுதா ஆபரேஷன் நடந்துடுமா'ன்னு வெளியே அனுப்பிட்டாங்களாம். குழாயை மூட மறந்த ரெண்டு பேருக்கு வேலையே போச்சு. அவங்க எழுதி வெச்ச சட்டம்மா இது. அவங்க போயும் பயம் போகல."

அவள் அதற்குமேல் கெஞ்சவில்லை. கணவரின் போர்வையைச் சரிசெய்தாள், சரியாக இருந்ததையே மறுபடியும் சரிசெய்தாள்.

முப்பத்திரண்டு வருஷம் இதே வார்டில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றும் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. தனக்குப் பூட்டம்மா என்று ஒரு பேர் இருந்தது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.