காருக்கு ஒரு கும்பிடு

வாட்ச்மேன் ஊர்க்காவலன் காருக்குப் பின்னால் போய், தலை தரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்ததைச் சீனிவாசகம் கண்ணாடியில் பார்த்தார். அந்த அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனிக்கு லேபிள் ஆர்டர் பிடிக்க எத்தனையோ வருஷம் டவுன் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் வந்திருக்கிறார். ஒரு நாளும் இப்படி ஒரு கும்பிடு கிடைத்ததில்லை.

எல்லாம் காருக்கு உள்ள மரியாதை என்று நினைத்துக்கொண்டார். கியர் மாற்றத் தேவையில்லாத வெளிநாட்டுக் கார், பல கை மாறி இவரிடம் வந்தது. முந்தின நாள்தான் கோயம்புத்தூரில், ரேஸ் வண்டிகளுக்குப் போடுகிற டார்க் கன்வெர்ட்டரை அதில் மாட்டியிருந்தார். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, நிற்கிற வண்டியை ஒரே உந்தில் கிளப்பிவிடுகிற சாமான். விருதுநகர் வந்து சேரும்வரை டீக்கடை டீக்கடையாக நிறுத்தினார். டீக்காக அல்ல, மறுபடி கிளப்பிப் பார்க்க. ஒவ்வொரு தடவையும் வண்டி சீறிக்கொண்டு எழும்பியது.

வேலை முடிந்து வெளியே வந்தபோது ஒரு லாரிக்காகக் கேட் திறந்து கிடந்தது. ஊர்க்காவலன் கையை ஆட்டிக்கொண்டு, ஏதோ கத்தியபடி பின்னாலேயே ஓடி வந்தார். ஏசி போட்டுக் கண்ணாடி ஏற்றியிருந்ததால் வார்த்தை கேட்கவில்லை. வழியனுப்பக்கூட ஓடி வருகிறாரே என்று நெஞ்சு நிறைந்து, மந்திரி மாதிரி ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு வந்தார் சீனிவாசகம்.

அன்று சாயங்காலமே வண்டி சுணங்கிவிட்டது. ஓடுவது ஓடியது. ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்ப மட்டும் மனசில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால், சாப்பிட்டுப் படுத்தவரை எழுப்பியது போல முனகிவிட்டு நகர்ந்தது.

வேறு சமயம் என்றால் பொறுத்துப் போயிருப்பார். மச்சினன் கண்ணுச்சாமியிடம் வாயைக் கொடுத்திருந்ததுதான் வினை. அவனுக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம், கூடவே ஒரு பழைய லோடு ஆட்டோ. ஞாயிற்றுக்கிழமை ரயில்வே கேட் தூக்கியதும் யார் வண்டி முதலில் புளியமரத்தைத் தாண்டுகிறது என்று பந்தயம். தோற்றால் சீசன் முடியும்வரை கார் வத்தல் மூட்டை சுமக்க வேண்டும். பந்தயத்துக்கு இழுத்ததும் சீனிவாசகம்தான், அந்தத் தண்டனையை யோசித்துச் சொன்னதும் அவரேதான்.

எதையும் முறைப்படி செய்கிறவர் அவர். பெட்ரோலை மாற்றினார். பிளக்கை மாற்றினார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். அப்புறம்தான் கோயம்புத்தூர் மெக்கானிக் சோலைமலைக்குப் போன் போட்டார். பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை அழுத்தி, எஞ்சின் சுற்றைக் காட்டுகிற முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார் சோலைமலை. முள் பாதி தூரம்கூட ஏறவில்லை.

"எங்கியாச்சும் வழுக்குச்சுன்னா முள்ளு மேல ஏறியிருக்குமுங்க. கன்வெர்ட்டர் மேல தப்பில்ல. எஞ்சின் மூச்சு விடமாட்டேங்குது."

தான் மாட்டிய சாமானை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள் என்று சீனிவாசகம் நினைத்தார். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டரைப் புதிதாகப் போட்டார். முனகல் மட்டும் பழையபடியே இருந்தது. வண்டியோடு பிறக்காததை மாட்டினால் இப்படித்தான், கழற்றி எறியுங்கள் என்றாள் மனைவி பாண்டிலட்சுமி. அதைச் செய்தால் கோயம்புத்தூர்வரை போனது யாருடைய புத்தி என்று அடுத்த கேள்வி வரும். மாட்டேன் என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, மூடிய கேட் முன்னால் இரண்டு வண்டியும் நின்றன. கண்ணுச்சாமி இறங்கிப் போய், லோடு ஆட்டோவின் புகைக்குழாயிலிருந்து ஓர் இரும்புக் கூட்டை உருவிச் சீட்டுக்கு அடியில் போட்டான். பட்டாசுக் கம்பெனிக்குள் போய்வருகிற வண்டி, புகையோடு பொறி வந்துவிடக் கூடாதே. மாட்டுக்கு வாய்க்கூடு கழற்றுகிற மாதிரி இருக்கிறது என்று சீனிவாசகம் சிரித்தார்.

கண்ணுச்சாமி காரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "மச்சான், நீங்களும் கழட்டிருங்க. அத மாட்டிக்கிட்டு எப்படி ஓட்டுவீக?"

அக்காள் அதற்குள் கன்வெர்ட்டர் சமாச்சாரத்தைத் தம்பி காதில் போட்டுவிட்டாள் என்று புரிந்தது.

"மாட்டுனது மாட்டுனதுதான் மாப்ள. கழட்டுற பேச்சே இல்ல."

"பெறகு என்னயச் சொல்லக் கூடாது" என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டான் அவன்.

கேட் தூக்கியது. பாதி வழியில் தண்ணீர்க் குடம் கட்டிய சைக்கிள் ஒன்று மணியடித்துக் காரிடம் வழி கேட்டது. கண்ணுச்சாமி புளியமரத்தைத் தாண்டி, இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற பிறகுதான் சீனிவாசகம் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள், பின் சீட்டில் வத்தல் மூட்டைகளோடு தும்மிக்கொண்டே அச்சங்குளம் போனார். இந்த ஆர்டரை முடித்துக்கொண்டு நேரே கோயம்புத்தூர், கன்வெர்ட்டருக்கு முழுக்கு என்று முடிவும் செய்திருந்தார்.

ஊர்க்காவலன் இந்தத் தடவை கேட்டைத் திறக்காமல் காருக்குக் குறுக்கே வந்து நின்றார். மூட்டையைப் பார்த்துக் கேலி பேசப்போகிறார் என்று சீனிவாசகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரோ நேரே பின்னால் போய், அன்று போலவே குனிந்தார். மூட்டை சுமக்கிற காருக்கும் அதே கும்பிடு. சீனிவாசகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி வத்தலால்தான்.

நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று இறங்கிப் பின்னால் போனார். ஊர்க்காவலன் நிமிர்ந்தார். அவர் கையில், கரி அடைத்து ஊசி நுழைய இடமில்லாத ஒரு பழைய இரும்புக் கூடு.

"அன்னைக்கும் இதக் கழட்டத்தான அண்ணாச்சி கத்திக்கிட்டே ஓடியாந்தேன்."