பேசாத மூணு நாள்

"மூணு நாளா எங்கூட ஒரு வார்த்தை பேசலைம்மா. அப்டேட் போடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னா. என் கை சும்மா இருக்குமா? அமுக்கித் தொலைச்சுட்டேன்."

புலம்பிக்கொண்டே கம்ப்யூட்டர் மெக்கானிக் பெண்ணைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போனார் ரிட்டயர்டு கண்டக்டர். பஸ்ஸில் ஊரையே அதட்டிய மனுஷருக்கு இப்போது குரலே எழும்பவில்லை.

கட்டிலில் அவர் மனைவி. நரம்பு நோய் வந்து இரண்டு வருஷம். வலது ஆள்காட்டி விரல் மட்டும்தான் அசையும். அதற்குக் கீழே ஒரு பட்டன். திரையில் எழுத்துகள் வரிசையாக ஓடும், வேண்டியது வரும்போது அமுக்குவாள், எடிட்டர் என்ற எழுதும் புரோகிராமில் வார்த்தை சேரும். அவளுக்கு வாய் அதுதான்.

அந்த எடிட்டர் இப்போது திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது.

"இந்த மூணு நாளா எப்படி சார் சமாளிச்சீங்க?"

"ஒரு தட்டுன்னா ஆமா, ரெண்டு தட்டுன்னா இல்லை. பசிக்குதா, தண்ணி வேணுமா, ஃபேன் போடவான்னு கேப்பேன். 'கோபமா'ன்னும் கேட்டேன். டக் டக்குனு ரெண்டு தட்டு! கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே பொய்தான்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "கண்ணுல தண்ணி வேற. நானும் எத்தனை தடவைதான் மன்னிப்புக் கேக்கிறது?"

மெக்கானிக்குக்குப் பாவமாக இருந்தது. எடிட்டரை அழித்து மறுபடி ஏற்றினாள். பழையபடி மூடிக்கொண்டது. நாலைந்து தடவை திறந்து பார்த்த பிறகுதான் கண்ணில் பட்டது.

"பிழை திருத்தற வசதி ஆரம்பிக்கிற இடத்துலதான் படுத்துக்குது சார். புது சிஸ்டத்தோட ஒத்துப்போகலை. அதை மட்டும் நிறுத்தி வைக்கிறேன். தப்பா எழுதினா சிவப்புக் கோடு வராது, பரவாயில்லையா?"

"தப்பா எழுதட்டும், திட்டட்டும், என்னவோ செய்யட்டும். பேசினாப் போதும்மா!"

எடிட்டர் திறந்தது. இந்தத் தடவை மூடவில்லை.

விரல் அவசர அவசரமாக அமுக்க ஆரம்பித்தது. கண்டக்டர் திரையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன திட்டறா? நீயே படிச்சுச் சொல்லும்மா, எனக்குப் பயமா இருக்கு."

மெக்கானிக் படித்தாள். ஜன்னல் பக்கம் நின்றவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். இருந்தாலும் சொல்லித்தானே ஆகவேண்டும்?

"'கோபம் இல்லீங்க. மூணு நாளா முதுகு வலி உயிர் போகுது.'"