பின் இருக்கை

இப்போது பார்த்து ஒரு மழை வந்து தொலைக்கக் கூடாதா? வந்தால் யாரும் கிளம்ப மாட்டார்கள். நானும் வாய் திறக்க வேண்டியிருக்காது.

வானமோ துடைத்துவைத்த தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. அவள் அதை அண்ணாந்து பார்த்தபடி ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கொழுந்தன் தார்ப்பாயை உருவிப் போட்டான்.

அந்தக் காலத்து ஜப்பான் வண்டி. தொலைதூரம் போவதற்கென்றே செய்தது. இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் முதுகைத் தாங்க இன்னொரு பெட்டி, நடுவில் மெத்தை போல அகலமான சீட்டு. அவள் கணவர் இறந்த பிறகு அதை யாரும் தொடவில்லை. இன்று காலையில்தான் கொழுந்தன் வந்து பாட்டரியையும் பெட்ரோலையும் மாற்றினான்.

தெருவில் அவருடைய நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அவரவர் வண்டிகளோடு காத்திருந்தார்கள். அவர் போய் ஒரு வருடம். அவர் கடைசியாக வந்த மலைப்பாதையில் எல்லோரும் சேர்ந்து போய்வருவதாக ஏற்பாடு. முன்னால் அவருடைய வண்டி போகும். கொழுந்தன் ஓட்ட, அவள் பின்னால் உட்கார வேண்டும்.

தாடிக்கார நண்பர் ஷெட்டுக்குள் தலையை நீட்டினார். "என்னப்பா, செயினுக்கு எண்ணெய் விட்டியா?"

"ஏண்ணே, இத்தனை வருஷமா பார்க்கிறீங்க, இதுக்கு ஏதுண்ணே செயின்? இது ஷாஃப்ட் வண்டி. இன்ஜின்லேருந்து பின்சக்கரம் வரைக்கும் ஒரு இரும்புத் தண்டு, குழாய்க்குள்ளயே சுத்தும். வெளிய ஒண்ணும் தெரியாது."

"தெரியும்டா, உன்னைச் சீண்டிப் பார்த்தேன். சத்தம் கிடையாது, உதறல் கிடையாது. பின்னால உட்கார்ந்தா தொட்டில்தான்னு உங்கண்ணன் சொல்லிச் சொல்லியே எங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்குவான்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு வரைக்கும் வந்த சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

கொழுந்தன் ஏறி உட்கார்ந்தான். இரண்டு கண்ணாடிகளையும் பார்த்து முகத்தைச் சுளித்தான். "என்னண்ணி இது, இவ்வளவு கீழே திருப்பி வச்சிருக்கார்? அண்ணன் என்னைவிட உயரமாச்சே. இதுல ரோட்டைப் பார்த்தாரா, தொப்பையைப் பார்த்தாரா?"

"தொப்பையைத்தான்," என்றார் தாடிக்காரர். "எங்களுக்கெல்லாம் இருக்கிறதைவிட அவனுக்குக் கொஞ்சம் கம்மி. அதுல ஒரு கர்வம்."

கொழுந்தன் கண்ணாடிகளைத் தனக்கு ஏற்றபடி நிமிர்த்தினான். தடுக்கப்போன அவள் கை பாதியில் நின்று துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டது.

தாடிக்காரர் தன் வண்டியைக் கிளப்ப வெளியே போனார். கொழுந்தன் மட்டும் இருந்தான். ஹேண்டிலை மெல்லத் தடவினான்.

"எனக்கு இருக்கிற ஆறுதலே ஒண்ணுதாண்ணி. நெஞ்சு வலியோட மலையிலேருந்து இறங்கி, உங்களை ஒரு கீறல் இல்லாம ரயில்வே கேட் வரைக்கும் கொண்டுவந்து, ஸ்டாண்டு போட்டுட்டுத்தானே சாய்ஞ்சார்? கடைசி வரைக்கும் அவர் கை இதை விடலையே."

அது எல்லோருக்கும் மனப்பாடம். கேட் கீப்பர் ஓடிவந்தபோது வண்டி ஸ்டாண்டில் நின்றிருந்தது. அவர் தரையில் கிடந்தார், தலை அவள் மடியில் இருந்தது. மீதியை மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அவள் ஒருமுறைகூட அதைத் தன் வாயால் சொன்னதில்லை. யாராவது சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்வாள். பாவம், துக்கம் பேச விடவில்லை என்று விட்டுவிடுவார்கள். அதுவும் உண்மைதான்.

கொழுந்தன் பொத்தானை அழுத்தினான். ஓராண்டு தூங்கிய இன்ஜின் இரண்டு தடவை செருமியது. பிறகு அந்தப் பழைய, சீரான முனகல். அது அவள் முதுகெலும்பு வழியாக ஏறி, தோளுக்கு நடுவில் போய் நின்றது.

"ஏறுங்கண்ணி. எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

ஒரு நொடிதான். காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டால் முடிந்தது. தெருவில் நிற்பவர்களுக்கு மனசு நிறையும். இவன் பற்றிக்கொண்டிருக்கிற ஒரே ஆறுதலும் இவனிடமே இருக்கும். அதைப் பிடுங்க நான் யார்?

ஒரு அடி எடுத்துவைத்தாள். சீட்டின் பின்பாதியில் கையை வைத்தாள். வைத்த கை அப்படியே இருந்தது.

"அணைங்க தம்பி."

அவன் அணைத்துவிட்டுத் திரும்பினான். "பயமா இருக்காண்ணி? நான் மெதுவா ஓட்டறேன்."

மெதுவாக. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு வருடமாகக் கட்டிவைத்திருந்தது அவளுக்குள் அவிழ்ந்தது. ஆனால் குரல் உயரவில்லை. தெருவில் யாருக்கும் கேட்டிருக்காது.

"நான் பின்னால உட்கார மாட்டேன் தம்பி."

"ஏண்ணி?"

"கேட்டைத் தாண்டிட்டா வண்டி எப்பவுமே என் கையிலதான். திரும்பி வரும்போது அங்கதான் இடம் மாத்திக்குவோம். அதுவரைக்கும் உங்கண்ணன் என் முதுகுல சாய்ஞ்சு தூங்கிட்டு வருவார்."

அவன் ஹேண்டிலிலிருந்து கையை எடுத்தான்.

"அன்னைக்கும் தூங்குறார்னுதான் தம்பி, எழுப்பிடக் கூடாதேன்னு மெதுவா ஓட்டிட்டு வந்தேன்."