இடைநின்றவர் பட்டியல்

சமுதாயக் கல்லூரியில் நான் நோயாளி பராமரிப்புப் பாடம் நடத்துகிறேன். இதுவரை நான் புரட்டிப் படுக்க வைத்ததெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பொம்மையைத்தான். ஆய்வுக் குழு வருகிறது, பாதியில் நின்றவர்களுக்கு போன் போட்டுக் காரணம் கேட்டு எழுதுங்கள் என்றார்கள். முத்துச்செல்வியின் பெயருக்கு நேரே 'ஆர்வமின்மை' என்று முன்பே எழுதிவிட்டு, ஒப்புக்குத்தான் கூப்பிட்டேன்.

"அம்மா படுக்கையில விழுந்துட்டாங்க சார். அதான் வரல."

"இப்ப எப்படிம்மா இருக்காங்க?"

"போன வாரம் இறந்துட்டாங்க. நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு மணிக்கொருக்கா புரட்டிப் படுக்க வெச்சேன் சார், எட்டு மாசம். கடைசியா குளிப்பாட்டுறப்ப பெரியம்மா பாத்தாங்க, முதுகுல ஒரு படுக்கைப்புண்ணு கூட இல்ல. சரியாத்தானே சார் செஞ்சேன்?... சார், லைன்ல இருக்கீங்களா?"

இருந்தேன். நாற்காலியை விட்டு எப்போது எழுந்து நின்றேன் என்றுதான் தெரியவில்லை.