விரல் இறங்கிய பள்ளம்

மார்ச் ஒன்பது. கன்றுக்குச் சளி என்று நேற்றுச் சொன்னது மாணவியின் தவறு. மாலை வகுப்பில் கால்நடை மருத்துவ உதவி படிக்கிறவள், மூக்கில் வடிந்த வெள்ளையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இன்று தொழுவத்துக் கதவிடுக்கில் சாய்வெயில் விழுகிறது. கன்றுக்காரர் வீட்டுச் சின்ன மருமகள் பாட்டிலைச் சாய்க்க, கன்று சப்புகிறது. மறுகணம் இரண்டு மூக்குத் துவாரங்களிலும் பால் கொப்பளிக்கிறது. இருமுகிறது, மூச்சு கரகரக்கிறது. மூத்த மருமகளின் பார்வை கன்றின் மேல் இல்லை, ஓரகத்தியின் கைமேல்தான் இருக்கிறது. "பாத்தியா அவசரக்குடுக்கையை? மடமடன்னு ஊத்தியே கொன்னுடுவா." "மெதுவாத்தான் குடுக்கறேன்க்கா," என்கிறாள் சின்னவள். மாணவி கையைக் கழுவி, ஆள்காட்டி விரலைக் கன்றின் வாய்க்குள் விடுகிறாள். வெதுவெதுப்பான நாக்கு விரலைச் சுற்றி இழுக்கிறது. மேலே வரிவரியான அண்ணம். அதன் நடுவில் விரல்நுனி சட்டென்று ஒரு பள்ளத்தில் இறங்குகிறது. "பிறவியிலேயே அண்ணம் பிளந்திருக்குக்கா. பால் மூக்குக்கு ஏறுது, நுரையீரலுக்கும் போகுது. இவங்க மேல தப்பில்ல." மூத்தவளின் புருவம் உயர்கிறது. "நேத்து சளின்னே, இன்னைக்கு ஓட்டைங்கற. நாளைக்கு மூக்கே இல்லைம்பியா? இவ உன் காதுல ஏதாச்சும் ஓதினாளா?" நேற்று மாணவியே சொன்ன சொல் குறுக்கே நிற்கிறது. சின்னவள் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறாள். கன்று அதைத் தேடி அவள் முந்தானையைச் சப்புகிறது.

நாளை காலையில் முதல் வேலை, மருத்துவரை அழைத்து வருவது. அதுவரை பாட்டில் கூடாது. அவர் வந்ததும் மூத்தவளைக் கை கழுவச் சொல்லி, அவள் விரலையே அந்த வாய்க்குள் விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.